முன்பின் தெரியாதவருக்கு

சென்ற மார்கழியில் தேர் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவனுக்குச் சிதம்பரம் ஒன்றும் வெளியூர் அல்ல. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் நின்று நின்று போனாலும், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கோபுரம் தெரிந்துவிடும். மேலவீதிக்குப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அண்ணாமலை நகரில் நான் இரண்டு வருஷம் கல்லூரிப் படி மிதித்த காலத்துப் பழக்கம். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போனேன். அவர் முழுக்கப் படித்து உத்தியோகத்துக்குப் போனார். இன்றைக்கும் அவர் சொல்வதெல்லாம் நியாயமாகவும், நான் சொல்வதெல்லாம் கதையாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

தேர் நிலைக்கு வந்த பிறகு வீட்டுக்குத் திரும்பினோம். கூடத்தில் அவருடைய மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். அவளைச் சுற்றிலும் ஒரே காகிதக் குப்பை. கிழிந்த காலண்டர், பழைய வாரப் பத்திரிகை, தீப்பெட்டி லேபில், பஸ் டிக்கெட், ஜவுளிக்கடைப் பை. கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கார்டு அளவுக்கு நறுக்கி, அதன் மேல் சோப்பு உறையின் நீலத்தைக் கிழித்துத் தண்ணீராக ஒட்டியிருந்தாள். ஜவுளிக்கடைப் பையின் பச்சை பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடாகியிருந்தது. நடுவில் ஒரு படகு. அந்தப் படகு பஸ் டிக்கெட். சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போன டிக்கெட்.

“இது யாருக்கம்மா?” என்றேன்.

“தெரியாது மாமா” என்றாள்.

“தெரியாதா?”

“ஃபின்லாந்திலே ஒரு பாட்டி. பேரும் விலாசமும்தான் தெரியும். மற்றபடி யாரென்று தெரியாது.”

நண்பர் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு அல்ல. “கேட்டாயா? நீ ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். இவளுக்கும் நாலு வார்த்தை சொல்லேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து, கத்திரிக்கோல், பசைப் புட்டி, காகிதம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பரீட்சை முடிகிற வரைக்கும் அது அங்கேதான் இருக்குமாம்.

அவர் கேட்ட நாலு வார்த்தையை அன்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவரோடு சண்டை போடுவது எப்படி? இப்போது சொல்கிறேன், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அல்ல.

முதலில், அவள் செய்கிற காரியம் என்னவென்று தெரியாதவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். போர்த்துகல் தேசத்து மாணவர் பாவ்லோ மகல்யாய்ஷ் என்பவர் 2005 ஜூலையில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். போஸ்ட்கிராஸிங் என்று பெயர். நீங்கள் அதில் சேர்ந்து ஒரு விலாசம் கேட்டால், உலகத்தில் எங்கோ இருக்கிற யாரோ ஒருவருடைய விலாசம் வரும். உங்கள் இஷ்டம் போல் ஆளைப் பொறுக்க முடியாது. அந்த விலாசத்துக்கு நீங்கள் ஒரு கார்டு போட வேண்டும். அது போய்ச் சேர்ந்ததாக அவர் பதிவு செய்ததும், உங்கள் விலாசம் இன்னொருவருக்குப் போகும். அவர் உங்களுக்குக் கார்டு போடுவார். இப்படி இதுவரை 7 கோடிக் கார்டுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலோர் கடையில் வாங்கிய படக் கார்டு அனுப்புகிறார்கள். சிலர் இந்தப் பெண்ணைப் போலத் தாங்களே வெட்டி ஒட்டிச் செய்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர் உங்களுக்குப் பதில் அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல. உங்களுக்கு அனுப்புகிறவருக்கு நீங்கள் ஒன்றும் அனுப்பியதில்லை. கொடுத்த இடத்தில் வாங்க முடியாது. வாங்கிய இடத்தில் கொடுக்க முடியாது.

என் நண்பருக்கு வயிற்றெரிச்சலே இங்கேதான். ஏன் தெரியுமா? அவர் வீட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது.

அவர் வீட்டில் மட்டுமா? நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. எந்தக் கல்யாணத்தில் யார் 501 வைத்தார், யார் 1001 வைத்தார், யார் வெறும் பாத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று பேரும் ஊரும் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். அவர் வீட்டு விசேஷம் வந்தால் நோட்டைப் புரட்டி, வந்ததற்குக் குறையாமல் பார்த்து வைக்கிறோம். நான் மொய்யைக் குறை சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவன் ஒரு கல்யாணத்தை நடத்த அது கைகொடுக்கிறது. ஆனால் நம்முடைய கொடுக்கல் வாங்கல் அத்தனையும் அந்த நோட்டுக்குள் அடங்கிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. திருப்பிக் கொடுப்பவனுக்குத்தான் கொடுக்கிறோம். கடிதமும் அப்படித்தான். மாமாவுக்கு எழுதுவோம், மச்சானுக்கு எழுதுவோம், மேலதிகாரிக்கு மனுப் போடுவோம். உறவு இல்லாதவனுக்கு, சாதி தெரியாதவனுக்கு, நமக்கு ஒன்றும் ஆக வேண்டியிராதவனுக்கு, ‘சௌக்கியமா?’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறோமா? கணியன் பூங்குன்றனை மேடைதோறும் முழங்குகிறோம், கைதட்டல் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும், “யாரோ ஒருத்திக்கு எதற்குக் கார்டு?” என்று மகளைக் கேட்கிறோம்.

நண்பர் அன்று சாப்பாட்டின்போது மூன்று ஆக்ஷேபணைகள் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் என் நண்பருடையவை மட்டுமல்ல. இதை வாசிக்கிற பாதிப் பேருடையவை.

முதல் ஆக்ஷேபணை, இது வீண் வேலை என்பது. ஒரு கார்டுக்கு இரண்டு மணி நேரம்; இதனால் என்ன பிரயோஜனம்? பிரயோஜனம் என்றால் அவருக்கு மார்க்கு, உத்தியோகம், சம்பளம். நல்லது, அவையும் வேண்டியவைதான். ஆனால் நம்முடைய சர்க்காரே இந்தப் பிரயோஜனக் கணக்கைப் பார்க்கவில்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். தபால் இலாகாவின் 2016-17 வருஷக் கணக்குப்படி, ஒரு சாதாரணத் தபால் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகிற செலவு 12 ரூபாய்க்கு மேல். அதற்குக் கிடைக்கிற வரவு 50 காசு. பதினொன்றரை ரூபாய் நஷ்டத்தில் ஒரு தேசம் ஓர் ஏழையின் நாலு வரியைச் சுமந்துகொண்டு போகிறது. ஜனங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டும், அதற்குப் பணம் தடையாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? 1879 ஜூலை 1ஆம் தேதி இந்த நாட்டில் தபால் கார்டு வந்தபோது அதன் விலை கால் அணா. ஆஸ்திரிய-ஹங்கேரியில் உலகத்தின் முதல் கார்டு வெளிவந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. அத்தனை சீக்கிரம் வந்தது. அத்தனை மலிவாக இருந்தது.

தபால்காரர் வாசலுக்கு வருவது சூரியோதயம் போல இயற்கையாக நடக்கிற காரியம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய அரசாங்கத் தபால், 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அங்கே ஜனங்கள் கடிதம் எழுதுவதை விட்டார்கள். கடிதம் கொண்டுவருகிறவன் தேவையற்றுப் போனான். இங்கே அந்த நாள் வந்தால் முதலில் ஒப்பாரி வைக்கப் போகிறவர் யார்? என் நண்பர்தான். “அந்தக் காலத்திலே கடிதம் என்றால்…” என்று ஆரம்பிப்பார். அந்தக் காலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர் அவர் என்பது அப்போது ஞாபகம் இராது.

இரண்டாவது ஆக்ஷேபணை, இது ஆபத்து என்பது. பெண் பிள்ளையின் விலாசம் முன்பின் தெரியாதவன் கையில் போவதாவது! இதை நான் கேலி செய்ய மாட்டேன். பெண்ணைப் பெற்றவரின் பயம் கேலிக்குரியதல்ல. ஆனால் பயத்துக்குப் பரிகாரம் பூட்டு அல்ல. அப்பாவின் ஆபீஸ் விலாசத்தைக் கொடுக்கலாம். தபாலாபீசில் பெட்டி எடுத்துக்கொள்ளலாம். வயது, படிக்கிற இடம் ஒன்றும் எழுதாமல் இருக்கலாம். இதையெல்லாம் உட்கார்ந்து மகளோடு பேசி ஏற்பாடு செய்வதற்குப் பெயர்தான் தகப்பன் வேலை.

தவிரவும், தபால் கார்டைப் போல ஒளிவுமறைவு இல்லாத பொருள் உலகத்தில் வேறு ஒன்று உண்டா? எழுதினதைத் தபால்காரர் படிக்கலாம், அடுத்த வீட்டுக்காரர் படிக்கலாம், அப்பாவும் படிக்கலாம். நண்பர் தம் மகளுக்குத் தாமே காசு கொடுத்து ஒரு செல்போன் வாங்கித் தந்திருக்கிறார். அதற்குள் எத்தனை ஆயிரம் முகம் தெரியாதவர்கள் வந்து போகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? அதற்கு அவர் பூட்டுப் போடவில்லை. ஊர் பார்க்கப் போகிற காகிதத்துக்குத்தான் பூட்டு.

முன்பின் தெரியாதவர் என்றால் நமக்கு ஏன் இத்தனை நடுக்கம்? அவர் வீடு இருக்கிற சிதம்பரத்திலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. கொற்றவன்குடியில் மடம் வைத்திருந்தவர் உமாபதி சிவம். அந்த மடத்துக்கு விறகு கொண்டுவந்து போட்ட ஏழை, பெற்றான் சாம்பான். சாதிக் கணக்குப்படி கிட்ட வரக்கூடாதவர். அவர் கையில் நடராஜரே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார் என்கிறது கதை. இவருக்குத் தீட்சை கொடுத்து முக்தி கொடு என்று அந்தச் சீட்டிலே கட்டளை. உமாபதி சிவம் சீட்டைப் படித்தார், கொண்டுவந்தவரின் சாதியைக் கேட்கவில்லை, தீட்சை கொடுத்தார். ஊரார் பொல்லாப்புச் சொன்னார்கள். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊரில், ஒரு சீட்டு நமக்கு அறிமுகமில்லாத மனிதரை வாசலுக்குக் கொண்டுவந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படிக் கொண்டுவருவதுதானே சீட்டின் வேலை?

மூன்றாவது ஆக்ஷேபணை, இது கலையா என்பது. “படம் வரையத் தெரிந்தால் வரையட்டும். யாரோ அச்சடித்ததைக் கத்தரித்து ஒட்டுவது என்ன கலை?” என்று கேட்டார் நண்பர். மேல்நாட்டு அத்தாட்சி இல்லாமல் நம்மவர்களுக்கு எதுவும் ஏறாது. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். 1912இல் பிக்காஸோ ஒரு படத்தில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை வெட்டி அப்படியே ஒட்டினார். ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் காகிதத் துண்டுகளையும் ஒட்டியே பேர் வாங்கினார். அமெரிக்காவில் ரே ஜான்சன் இப்படிச் செய்த ஒட்டுப்படங்களைத் தபாலில் அனுப்பி, ‘நீயும் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு’ என்று எழுதினார். தபாலையே கலையாக்குகிற ஒரு கூட்டம் அவரைச் சுற்றி உண்டாயிற்று.

ஆனால் அத்தனை தூரம் ஏன் போக வேண்டும்? அன்று காலை நாங்கள் இருவரும் வடம் பிடித்துக் கும்பிட்ட தேரில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது? தொம்பை. சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் மஞ்சள் துணியையும் வெட்டி, பூவாகவும் யாளியாகவும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தது. வெட்டினதும் ஒட்டினதும் கலை இல்லையென்றால், தொம்பையைக் கழற்றிவிட்டு மொட்டைத் தேரை இழுக்க வேண்டியதுதான். நம் பாட்டிமார்கள் சுபச் செய்தி எழுதிய கார்டில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினார்கள். சாவுச் செய்தி என்றால் மூலையில் கறுப்பு மை. எழுத்தறியாதவள்கூடக் கார்டைக் கையில் வாங்கின மாத்திரத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரிந்துகொள்வாள். அச்சுக் காகிதத்தின் மேல் கையின் அடையாளம் ஒன்று வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

அந்தப் பெண் பிக்காஸோ என்று நான் சொல்லவில்லை. அவளுடைய படகு கொஞ்சம் கோணல். ஆனால் சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு அவள் தானே போய் வந்த டிக்கெட் அது. சிவகாசியில் லட்சக்கணக்கில் அச்சடித்த வாழ்த்து அட்டை சிதம்பரத்துக்கும் ஒன்றுதான், சேலத்துக்கும் ஒன்றுதான். இந்தக் கார்டு ஒன்றுதான் உண்டு. அதையும் அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிடுகிறாள்.

இனி, மறுபக்கத்துக்கும் நாலு சாத்துச் சாத்தாமல் விட்டால் நான் பட்சபாதம் செய்தவனாவேன். இந்தப் பழக்கத்தில் இறங்கியிருக்கிற இளைஞர்களிலும் மொய் நோட்டுக்காரர்கள் உண்டு. ‘நான் நாற்பது அனுப்பினேன், எனக்கு முப்பத்தொன்றுதான் வந்தது’ என்று கணக்கு வைத்துப் புலம்புகிறார்கள். பழுப்பேறின மாதிரி அச்சடித்த காகிதத்தையும், வெட்டித் தயாராக வைத்த பூக்களையும் ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கட்டாக வாங்கி, அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். வீட்டில் அப்பாவின் பழைய காலண்டர் கேட்பாரற்றுக் கிடக்கும். இன்னும் சிலர் கார்டைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் தபால் பெட்டியில் போடுகிறார்கள். காட்டின பிறகு போட மறந்துவிடுகிறவர்களும் உண்டு. இவர்கள் அனுப்புவது கார்டு அல்ல, விளம்பரம். என் நண்பர் இவர்களைத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

ஆனால் அந்தப் பெண் அப்படிப்பட்டவள் அல்ல. “ஃபின்லாந்துப் பாட்டி பதில் போடுவாளா?” என்று நான் கேட்டபோது, “அவங்க போட மாட்டாங்க மாமா, வேற யாராவது போடுவாங்க” என்று சாதாரணமாகச் சொன்னாள். ஐம்பது வயதை எட்டப்போகிற எனக்கு அந்த வார்த்தை உறைத்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் முதல் கதை பத்திரிகையில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த பத்தாம் நாள் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. விருத்தாசலத்திலிருந்து யாரோ ஒருவர். நாலே வரி. கதையில் வருகிற அம்மாவைப் போலவே தமக்கும் ஓர் அம்மா இருந்தார் என்றும், நிறுத்தாமல் எழுத வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அப்போது எனக்கு வேலை இல்லை. வீட்டில் மரியாதை இல்லை. எழுதுவதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இரண்டாவது கதையை ஆரம்பித்தேன்.

தமிழில் இப்படிக் கார்டு எழுதுவதையே ஒரு தவமாகச் செய்தவர்கள் உண்டு. வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் எத்தனை இளம் எழுத்தாளர்களுக்கு, எத்தனை சிறு பத்திரிகைகளுக்குக் கார்டு எழுதினார்கள் என்பதை இலக்கிய உலகம் அறியும். அவர்களாவது பெரியவர்கள். எனக்கு எழுதியவர் யாரென்றே தெரியாது. கையெழுத்துப் புரியவில்லை, விலாசம் பாதிதான் இருந்தது. என்னால் அவருக்குப் பதில் போட முடியவில்லை. உண்மையைச் சொன்னால், போட முயலவும் இல்லை. அந்தக் கடன் என் கணக்கில் அப்படியே நிற்கிறது. அதை எந்த மொய் நோட்டில் எழுதி, யார் வீட்டுக் கல்யாணத்தில் திருப்புவது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. அன்று அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்குக் கொடுக்க வேண்டாம். வேறு யாருக்காவது கொடுத்தால் போதும்.

கடலூருக்குத் திரும்பிய அன்று இரவே ஒரு கல்யாணப் பத்திரிகையை நறுக்கினேன். சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட்டை அதில் ஒட்டினேன். மைதாப் பசை கையெல்லாம் அப்பிக்கொண்டது. டிக்கெட் சுருங்கிப் போயிற்று. அகராதிக்கு அடியில் வைத்து அழுத்தி, மறுநாள் ஒரு சிறு பத்திரிகையில் முதல் கதை எழுதியிருந்த ஒரு பையனுக்கு, பத்திரிகை விலாசத்துக்கே அனுப்பினேன். நான் யாரென்று எழுதவில்லை. விருத்தாசலத்துக்காரர் எனக்கு எழுதியதைத்தான் அவனுக்கு எழுதினேன்.

என் நண்பர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர், இதைப் படிப்பார். அவர் கேட்ட நாலு வார்த்தையைச் சற்று அதிகமாகவே சொல்லிவிட்டேன். ‘பரீட்சை முடியட்டும்’ என்பார். பரீட்சை என்றைக்கு முடிந்திருக்கிறது? இது முடிந்தால் உத்தியோகப் பரீட்சை. அது முடிந்தால் கல்யாணம். அதற்கப்புறம் அவள் கையிலும் ஒரு மொய் நோட்டைக் கொடுத்துவிடுவோம்.

அப்பா, இன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்துவிடு.